குளம்பில் இருந்த சரளை

நல்ல மண்ணைப் பார்த்துவிட்டால் வெண்டல் ஹௌகனுக்குப் புத்தி மழுங்கிவிடும். மற்ற விஷயங்களில் கறாரான மனிதர். கூடாரத்தின் கயிற்றை ஒருமுறை கட்டிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ரகம். ஆனால் தோண்டிய குழியின் சுவர் அழகாக அமைந்துவிட்டால் போதும், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்.

அன்றைக்கு அமைந்த குழி அப்படி. ஐடஹோவின் வடக்குக் கோடியில், வண்டிப் பாதை எட்டாத மலைச்சரிவில், ஹெம்லாக் மரங்களின் ஓரத்தில் அவரே மண்வெட்டி போட்டு நெஞ்சளவு ஆழம் தோண்டியது. மேலே ஊசியிலைச் சருகு. அதன் கீழே முழங்காலுக்கும் மேல் உயரத்துக்கு எரிமலைச் சாம்பல், தேன் நிறத்தில், சலித்த மாவு போல. ஒரேகன் பக்கம் ஒரு மலை வெடித்து ஏழாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன் சாம்பல் காற்றில் வந்து விழுந்து, இந்தக் காட்டையே இன்றுவரை வளர்த்துக்கொண்டிருக்கிறது. கையில் எடுத்தால் கனமே இருக்காது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வழவழவென்று ஈரம் கசியும். ஒன்றிரண்டு கல் கிடக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாம்பல் முடிகிற இடத்தில் நிறம் சட்டென்று மாறியது. கீழே முழுக்க ஈயநிறச் சரளை. பனிப்பாறைகள் அரைத்து, உருட்டி, இறுக்கிவிட்டுப் போன உருண்டைக் கற்கள். ஒவ்வொன்றின் மேலும் நரைத்த சேறு பூசினாற்போல் ஒட்டியிருக்கும். மரத்தின் வேர்கள் சாம்பலுக்குள் தாராளமாக ஓடி, சரளையைத் தொட்டதும் பயந்த மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தன. இருபத்தைந்து வருஷ மண் ஆய்வு உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான சுவரை வெண்டல் பார்த்ததில்லை. காலை வெயில் நேராக விழும்போது இதைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குள் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது.

தோண்டிய குழியைத் திறந்து போட்டுவிட்டு வரக் கூடாது. இது அவர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லும் பாடம். மூட முடியாவிட்டால் கட்டைகளைக் குறுக்கே அடுக்க வேண்டும். பக்கத்தில் கிடந்த காய்ந்த கட்டை ஒன்றை இழுத்துக் குழியின் மேல் போட்டார். அடுத்தது கனத்தது, முதுகு வலித்தது. காலையில் முதல் வேலையாக வரத்தானே போகிறோம் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

கீழே ஓடைக்கரையில் முகாம். முகாம் என்றால் மூன்றே பேர். வெண்டல், அவருடைய சாமான்களை எல்லாம் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த லோரீன் டக்கெட், அவளுடைய தம்பி ஹார்லன். லோரீனுக்கு அறுபது வயது. வேட்டைக்காரர்களுக்கும் காட்டிலாகா ஆட்களுக்கும் சுமை ஏற்றியே வாழ்ந்தவள். குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஹார்லன் குடியால் வேலையும் பெண்டாட்டியும் ஓட்டுநர் உரிமமும் போன பிறகு, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து அக்காவிடம் வந்து சேர்ந்தவன். ஒரு பொய், ஒரு சொட்டு, இரண்டில் எது நடந்தாலும் வெளியே போ என்பது அவள் போட்ட நிபந்தனை.

தீவனமும் சாப்பாட்டுச் சாமானும் எடுத்துவர அன்று காலை கழுதைகளோடு கீழே போயிருந்த ஹார்லன், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தான். அவன் குதிரையிலிருந்து இறங்கியபோது கழுதைகளின் கயிற்றை வெண்டல்தான் கை நீட்டி வாங்கினார். ஹார்லனின் வாயும் விரல்களும் ஊதா நிறமாக இருந்தன. தொப்பி நிறைய ஹக்கிள்பெரி, காட்டில் காய்க்கிற ஊதாப் பழம்.

"என்னடா, ரெக்கை முளைச்சிருச்சா? எப்பவும் இருட்டினப்புறம்தானே வருவ," என்றாள் லோரீன், வாணலியில் பன்றிக்கொழுப்பை உருக்கிக்கொண்டே.

"கழுதைங்க நல்லா நடந்துச்சுக்கா."

"கல்சரிவு வழியா வந்தியா?"

"இல்லக்கா. நீளப் பாதையிலதான்."

"ம்," என்றாள். அந்த 'ம்'மில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. முகாமுக்கும் கீழே வண்டிப் பாதை முடிகிற தெருமுனைக்கும் நடுவே உடைந்த பாறைகள் குவிந்து கிடக்கும் சரிவு ஒன்று இருக்கிறது. அதைக் குறுக்கே கடந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். ஆனால் கழுதையின் கால் பாறையிடுக்கில் மாட்டினால் கதை முடிந்தது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று லோரீன் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

பீன்ஸும் வாணலியில் சுட்ட சோளரொட்டியும் தட்டில் விழுந்தன. ஹார்லன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அப்படியொரு சந்தோஷம் அவன் முகத்தில் இருந்ததற்குக் காரணம் என்னவென்று வெண்டலுக்கு அப்போது தெரியாது, கேட்கவும் இல்லை.

"மண்ணுக்காரரே," என்றாள் லோரீன். தினமும் சாப்பாட்டின்போது கேட்கிற கேள்விதான். கழுதைகளை ராத்திரியில் கட்டுவதில்லை. கழுத்தில் மணி கட்டிய கிழட்டு வெள்ளைக் குதிரை ஒன்றை மட்டும் கால்தளை போட்டு மேய விடுவார்கள். அந்த மணிச் சத்தத்தைச் சுற்றியே கழுதைகள் மேயும். "குழியை மூடியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு," என்றார் வெண்டல், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

இல்லை என்று சொல்லியிருந்தால் விளக்கைக் கையில் கொடுத்து மலையேற வைத்திருப்பாள். அந்தச் சோம்பேறித்தனத்துக்காகச் சொன்ன பொய். சொல்லும்போது அது பொய் மாதிரியே தெரியவில்லை, விடிந்ததும் செய்யப்போகிற வேலையைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

விடிந்ததும் எழுந்தது அவர் அல்ல, லோரீன். மணி ஓரிடத்தில் அடித்துக்கொண்டிருக்க, கழுதைகளில் ஒன்றைக் காணோம். மேபல். ஓடைக்குச் சற்று மேலே செடார் மரத்தில் சாய்ந்தபடி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது. சத்தம் போடவில்லை. கோவேறு கழுதை வலியில் கத்தாது, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அதைப் பார்க்கிறவனுக்குத்தான் கத்த வேண்டும்போல் இருக்கும்.

மேபல் பிறந்த வாரத்தில் தாய் செத்துப்போயிற்று. அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் ஹார்லன். குடியை விட்டு வந்த புதிதில் அவனுக்குக் கை நடுக்கம். அந்த நடுங்குகிற கையால் புட்டியைப் பிடித்துக் கொடுப்பான், குட்டி முட்டி முட்டிக் குடிக்கும். இப்போது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

லோரீன் அழவில்லை. எங்கே மாட்டியது என்று பார்க்க, மரத்தில் சாய்ந்திருந்த கழுதையின் பின்னங்காலைச் சற்று மடக்கி, குளம்பு நோண்டுகிற கொக்கியால் கிளறினாள். கெட்டியாக அப்பியிருந்தது விண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. கல். உள்ளங்கை நிறையக் கல்.

"இங்க பாருங்க," என்று வெண்டலின் கையில் கொட்டினாள். "இந்தச் சரிவு பூரா மாவுதான். இத்தனை வருஷத்துல இங்க மேஞ்ச ஒரு கழுதை குளம்புலயும் ஒரு கைப்பிடி கல்லு எடுத்ததில்ல நான். இது எங்கேருந்து வந்துச்சு? நீங்க மண்ணு ஆளு. நீங்களே சொல்லுங்க."

வெண்டல் கையைப் பார்த்தார்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல்சரிவின் கல் உடைந்த கல். விளிம்பு கையைக் கிழிக்கும், மேலே பாசி இருக்கும். இது உருண்டைக் கல், கோலிக்குண்டு அளவு, ஒவ்வொன்றின் மேலும் நரைத்த சேறு. இந்த மலையில் நடக்கிற எந்த மிருகத்தின் காலும் இதைத் தொட முடியாது. முழங்காலுக்கு மேல் சாம்பல் போர்த்தி மூடியிருக்கிறது. அதை வெட்டித் திறந்து, குழியாக்கி, ஒரேயொரு கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு வந்த ஆள் ஒருவர்தான். முன்னங்கால் உள்ளே போய் முறிந்து, பின்னங்கால்களால் உதைத்து உதைத்து மேலே ஏறியிருக்கிறது. அவர் இறங்கி ஏறுவதற்காகக் குழியின் ஒரு பக்கம் வெட்டியிருந்த படி அதற்கு உதவியிருக்கும்.

இது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை நினைத்தபோது பயமும், பயத்துக்கு அடியில் ஒரு கேவலமான நிம்மதியும் வந்தன. அந்த நிம்மதியை அவர் பிறகு ஒருநாளும் தனக்கு மன்னிக்கவில்லை.

"சரளைதான்," என்றார்.

"கல்சரிவுல இருக்கிற மாதிரியா?"

"இருக்கலாம்."

"நான் அந்தப் பக்கமே போகலக்கா," என்றான் ஹார்லன், கழுதையின் கழுத்திலிருந்து முகத்தை எடுக்காமல்.

"வெளிச்சம் இருக்கறப்பவே வந்து நின்னியே, எப்படிடா? நீளப் பாதையில எந்தக் கொம்பனும் அந்த நேரத்துக்கு வர முடியாது. எலும்பு அங்கயே விரிசல் விட்டிருக்கும், ராத்திரி மேயறப்ப ஒடிஞ்சிருச்சு. பொய் சொல்றத விட்டுட்டேன்னு நெனச்சேன் உன்னைய."

ஹார்லன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். வெண்டலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், திறந்த வாயை மூடிக்கொண்டான்.

லோரீன் துப்பாக்கியை எடுத்துவந்து தம்பியின் கையில் கொடுத்தாள். "உன் அவசரத்துல போன உயிரு. நீயே முடிச்சு வை."

வெண்டல் நினைத்திருந்தால் அந்த இடத்தில் பேசியிருக்கலாம். கழுதை பிழைக்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் துப்பாக்கியை அவர் கையில் வாங்கியிருக்கலாம். 'லோரீன், நில்லுங்க' என்று இரண்டு வார்த்தை. கல்லை இறுக்கிக் கைக்குள் பிடித்தபடி திரும்பி, குடிக்கத் தண்ணீர் எடுக்கிறவர் மாதிரி ஓடைக்கு நடந்தார். வெடிச்சத்தம் கேட்டபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே மணி ஒரு கணம் நின்று, மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

பிறகு குழிக்குப் போனார். கட்டை நடுவில் இரண்டாக ஒடிந்து உள்ளே கிடந்தது. அவர் ஆசைப்பட்ட அந்தச் சுவரில் காலை வெயில் நேராக விழுந்திருந்தது. தேன்நிறச் சாம்பலில் குளம்பு வழுக்கிய நீளக் கோடுகள், வேரில் சிக்கிய பழுப்பு மயிர். படம் எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார்.

தோண்டும்போது எப்போதும் இரண்டு குவியல் போடுவார், சாம்பல் ஒரு பக்கம், சரளை ஒரு பக்கம். மூடும்போது சரளை கீழே போக வேண்டும், சாம்பல் மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பல காலத்துக்கு ஒன்றும் ஒழுங்காக முளைக்காது. அன்றைக்குக் கைக்கு எது வந்ததோ அதைத் தள்ளினார். மயிர் மறைந்தால் போதும் என்றிருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, அந்தப் பழுப்புச் சரிவில் அவர் மூடிய இடம் மட்டும் ஈயநிறமாகத் துருத்திக்கொண்டு நின்றது. சருகை அள்ளிக் கொட்டி மறைத்தார்.

ஊருக்கு வந்தபின் அந்தக் கல்லைத் தூக்கி எறிய முடியவில்லை. கோட்டுப் பையிலேயே கிடந்தது. பனிக்காலம் முழுக்க வெண்டல் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடினார். காற்றில் சாய்ந்த மரம் வேரோடு பெயர்ந்து வரும்போது அடியில் இருக்கிற சரளையையும் தூக்கிக்கொண்டுதானே வருகிறது? அப்படியொரு பள்ளத்தில் மேபல் கால் வைத்திருக்கக் கூடாதா? வக்கீல் நன்றாகத்தான் பேசினார். வேரில் சிக்கிய மயிருக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. ஹார்லன் அக்கா வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று தபால் நிலையத்தில் யாரோ சொன்னபோது, வெண்டல் தலையை ஆட்டிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்தார்.

பனி உருக ஆரம்பித்த பிறகு லோரீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். கோடைக்கு மறுபடி எப்போது மலைக்குப் போகலாம் என்று கேட்கத்தான்.

"இந்தத் தடவை நானும் ஒரு கூலியாளும்தான். ஹார்லன் வர மாட்டான்," என்றாள்.

"எப்படி இருக்கான்?"

"இருக்கான். செடார் கம்பம் சீவுற இடத்துல வேலை. ஒத்துக்கிட்டான், தெரியுமா?"

"என்னத்தை?"

"கல்சரிவு வழியாத்தான் வந்தேன்னு. கிறிஸ்துமஸ் அன்னிக்குச் சாப்பிட வந்தான். பூசணிப் பலகாரத்தைத் தட்டுல வச்சு வெட்டிக்கிட்டே, தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஆமாக்கா, நான்தான்னான். அதுக்கப்புறம் எனக்குக் கோவமே இல்ல. ஆனா கழுதைங்கள இனி அவன் கையில குடுக்க மாட்டேன்."

செய்யாத குற்றத்தை ஒருவன் தானே எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறான். இவர் கோட்டுப் பையில் அதற்கான சாட்சியை வைத்துக்கொண்டு, நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். தன்மேல் அவருக்கு வந்த அருவருப்பில், "நான் அங்க வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் போனபோது லோரீன் அடுக்களையில் கிழிந்த சுமைத் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெண்டல் உட்காரவில்லை. கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். குழியிலிருந்து ஆரம்பித்து, கட்டை, மயிர், மூடியது வரை எதையும் விடாமல் சொன்னார். பாதியில் அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டாள்.

"குழியை மூடியாச்சான்னு கேட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டீங்க."

"கல்லைக் கையில குடுத்தும் கேட்டேன்."

"ஆமா."

"அவனை விட்டுச் சுட வச்சேனே, வெண்டல்." அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவன் புட்டிப்பால் குடுத்து வளர்த்ததை. வேண்டாம்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லல அவன். வாங்கிட்டுப் போயிச் சுட்டான்."

கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்தாள். "வாங்க. என்கிட்டச் சொன்னது பத்தாது."

கம்பம் சீவும் இடத்தை எட்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்தாள். "நீங்க முதல்ல போங்க. எனக்கு அவன் மொகத்தைப் பாக்கக் கொஞ்ச நேரம் வேணும்."

மரப்பட்டைக் குவியலுக்கு நடுவே, இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தியால் ஹார்லன் ஒரு கம்பத்தைச் சீவிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். கிட்டே போனதுமே வெண்டலுக்குச் சாராய நாற்றம் தெரிந்தது, காலையிலேயே போட்டிருக்கிறான். வெண்டல் சொன்னார். ஹார்லன் சீவுவதை நிறுத்தாமல் கேட்டான். செடார் தோல் நீள நீளமாக உரிந்து விழுந்தது.

"அப்ப நான் இல்ல," என்றான் கடைசியில்.

"நீ இல்ல. நான்தான். அப்புறம் ஏன் ஒத்துக்கிட்ட, ஹார்லன்?"

"நான் இல்லன்னு சொன்னவரைக்கும் அக்கா கண்ணுக்கு நான் பொய்யன். பொய்யன்னா குடிகாரன். ஆமான்னு சொன்னா வெறும் அவசரக்காரன்." சிரித்தான். "அவசரக்காரனுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் உண்டு."

"நேரத்தைப் பத்தி ஏன் நீ சொல்லல? நீளப் பாதையில எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தேன்னு?"

ஹார்லன் கத்தியைக் கீழே வைத்தான். வண்டியின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தெருமுனையில ஒரு சாராயக்கடை இருக்குல்ல. அந்தக் கோடை பூரா, சாமான் எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் அங்க ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பேன். அக்கா போட்டு வச்சிருந்த கணக்கு இருக்கே, சாமான் ஏத்தி நீளப் பாதையில வர இவ்வளவு நேரம் ஆகும்னு, அதுல சாராயக்கடையும் சேத்தி. அவளுக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள போகல. வாசல்ல கழுதைங்கள நிறுத்தினேன், கதவைப் பாத்தேன், திருப்பிக்கிட்டு வந்துட்டேன். வழியில பழம் பறிச்சுத் தின்னுக்கிட்டே வந்தேன். எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா உங்களுக்கு? சீக்கிரம் வந்ததுக்குக் காரணம் சொல்லணும்னா, மத்த நாளெல்லாம் ஏன் லேட்டுன்னும் சொல்லணும். எப்படிச் சொல்ல?"

வெண்டலுக்கு அந்தத் தொப்பி நிறைந்த பழம் ஞாபகம் வந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட முகமும் ஞாபகம் வந்தது. அந்த மனிதன் கோடை முழுக்க வாழ்ந்த ஒரே நல்ல நாள் அது. அதன் மறுநாள் காலையில்தான் இவர் உள்ளங்கையில் கல்லை வைத்துக்கொண்டு 'இருக்கலாம்' என்றார்.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. லோரீன் வந்து தம்பியின் எதிரே நின்றாள். சொல்ல வந்ததை வழியெல்லாம் தயார் செய்திருப்பாள்போல. "டேய், நான் உனக்குப் பண்ணினது..." என்று ஆரம்பித்தவள், கையைப் பிடிக்கக் கிட்டே போனதும் நின்றாள். மூக்கு சுருங்கியது.

"குடிச்சிருக்க."

"இப்பதான்க்கா. இங்க வந்தப்புறம்."

"அங்க இருந்தப்ப?"

ஹார்லன் பட்டைத் துண்டு ஒன்றைக் காலால் தள்ளினான். அந்த மௌனத்தை அவள் நொடியில் படித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து படிக்கிறவள்.

"அப்ப அன்னைக்கும் குடிச்சிருந்த. போதையில ஓட்டிக்கிட்டு வந்திருக்க. குழியோ சரிவோ, என் கழுதைங்க போதைக்காரன் கையில மலையேறியிருக்கு."

"அன்னைக்கு இல்லக்கா."

"போடா."

"இல்ல லோரீன்," என்றார் வெண்டல். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "அன்னைக்கு அவன் குடிக்கல. குதிரையிலேருந்து இறங்கினப்ப கயித்தை நான்தான் வாங்கினேன். மூஞ்சிக்கு மூஞ்சி நின்னேன். பழ வாசம்தான் வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. கையும் நடுங்கல. சாராயக்கடை வாசல் வரைக்கும் போயிட்டுக் குடிக்காம திரும்பி வந்திருக்கான். அதனாலதான் சீக்கிரம். இது நிஜம். எந்தச் சாமிமேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

லோரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நம்பலாமா என்று அவள் மனம் உண்மையிலேயே தேடுவது முகத்தில் தெரிந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கும் இதே மொகத்தோடதான் சொன்னீங்க, மண்ணுக்காரரே," என்றாள். "நான் எதை வச்சு நம்புறது?"

வெண்டலின் கை தன்னையறியாமல் கோட்டுப் பைக்குள் போனது. பை காலியாக இருந்தது, கல் அவள் அடுக்களை மேசையில் கிடந்தது. இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மேபல் எங்கே விழுந்தது என்று அந்தக் கல் சொல்லும். ஹார்லன் எங்கே விழாமல் வந்தான் என்று சொல்ல அவர் வாய் ஒன்றுதான் இருந்தது.

லோரீன் வண்டிக்குத் திரும்பி நடந்தாள். போகிறபோது தம்பியின் தோளை ஒருமுறை தொட்டாள், அது எதற்கென்று சொல்லவில்லை. ஹார்லன் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்தை உருட்டி வைத்தான்.

"விடுங்க," என்றான் வெண்டலிடம், குனிந்தபடியே. "உங்களுக்காவது தெரியுமில்ல."

பட்டை உரிகிற சத்தத்தைக் கேட்டபடி வெண்டல் அங்கேயே நின்றார். வண்டியில் லோரீன் ஹாரனை ஒருமுறை அடித்தாள்.